'டி ஓ ஜி'யை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் நாய் வராது, தெரியுமா?

தம்பி மகன் ஒன்றாம் வகுப்பு. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். படத்தில் ஒரு நாய். கீழே மூன்று எழுத்து. ஒவ்வொன்றிலும் விரலை ஊன்றி "டி... ஓ... ஜி..." என்றான்.

"மூணையும் சேர்த்து வேகமா சொல்லுடா" என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "டியோஜி!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னான். படத்தில் இருந்த நாய் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று தோண்ட ஆரம்பித்ததுதான். பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் இந்தச் சின்ன சமாசாரத்துக்குள் இத்தனை அதிசயம் ஒளிந்திருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நீங்களும் பாருங்கள்.

எழுத்துக்கு ஒரு பெயர், அது எழுப்பும் ஓசை வேறு! 'எச்' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதில் 'ஹ' எங்காவது கேட்கிறதா? 'டபிள்யூ' இன்னும் மோசம். 'வ' ஓசைக்கு உரிய எழுத்து, பெயரோ 'ட'வில் தொடங்குகிறது. 'ஒய்' அதற்கு நேர் எதிர்: பெயரை உச்சரித்தால் 'வ' கேட்கும், சொல்லில் போட்டால் 'ய' ஆகிவிடும். பெயரை மட்டும் நம்பிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை என்ன செய்யும், பாவம்! ஃபோனிக்ஸ் என்று இன்று பள்ளிக்குப் பள்ளி பலகை மாட்டுகிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான். எழுத்தின் பெயரை ஓரமாக வை. ஓசையை முதலில் சொல்லிக்கொடு. 'ட்', 'ஆ', 'க்'. இப்போது சேர்த்துச் சொல்லுங்கள். நாய் வந்துவிட்டதா?

அப்படியானால் அந்த ஏபிசிடி பாட்டு? 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டின் மெட்டும் அதன் மெட்டும் ஒன்றே என்பது தெரியுமா? முணுமுணுத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு அது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1835-ல் இந்த எழுத்துப் பாட்டுக்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள். மெட்டு வேகமெடுக்கும் இடத்தில் 'எல் எம் என் ஓ' நான்கும் ஒட்டிக்கொள்வதால், 'எலமெனோ' என்று தனியாக ஓர் எழுத்து இருப்பதாகவே நம்பும் குழந்தைகள் உண்டு. பாட்டு முழுவதையும் பிசகாமல் பாடும் பிள்ளைக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

26 பாத்திரம், 44 பலகாரம்

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஓசையோ, இங்கிலாந்துப் பள்ளிக் கணக்குப்படி சுமார் 44! இருக்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு விருந்து சமைக்கிற கதைதான். ஒரே பாத்திரத்தில் காலையில் சாம்பார், மத்தியானம் பாயசம்.

'ஓ யு ஜி எச்' என்ற நான்கு எழுத்துக் கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் அது 'த்ரூ'. இன்னொன்றில் 'தோ'. அடுத்ததில் 'டஃப்'. இருமலுக்கு 'காஃப்'. மரக்கிளைக்கு 'பௌ'. ஒரே நால்வர், ஐந்து வேஷம்! இப்படியே போனால் 'ஜி எச் ஓ டி ஐ' என்று எழுதிவிட்டு 'ஃபிஷ்' என்று படிக்கலாமே என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. பெர்னார்ட் ஷா சொன்னதாக ஊரெல்லாம் சொல்வார்கள். அவர் பிறந்தது 1856-ல். இந்தக் கிண்டல் 1855-ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இருக்கிறது! ஃபோனிக்ஸ் வாத்தியார்களைக் கேட்டால் அந்தக் கிண்டலே செல்லாது என்பார்கள். 'ஜி எச்' சொல்லின் முதலில் நின்றால் ஒருநாளும் 'ஃப்' ஆகாது. குழப்பத்துக்குள்ளும் ஒரு சட்டம் ஓடுகிறது என்பதுதான் அவர்கள் கட்சி.

குழப்பம் எப்படி வந்தது என்பது தனிக் கூத்து. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'கே' சும்மா நிற்கிறதே, ஒரு காலத்தில் அதை 'க்னீ' என்றே உச்சரித்தார்கள். வாய் மாறியது, எழுத்து மாறவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' ஒளிந்திருப்பது, இந்தச் சொல் லத்தீன் வம்சம் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பண்டிதர்கள் பார்த்த வேலை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் இருக்கும் 'எஸ்' இன்னும் கொடுமை. அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உறவு என்று தப்பாக நினைத்துச் செருகிவிட்டார்கள். பண்டிதர் செய்த பிழைக்கு ஐந்நூறு வருஷமாகப் பிள்ளைகள் இம்போசிஷன் எழுதுகிறார்கள்!

இதற்குக் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவில் ஒன்றாம் வகுப்பு முடித்த குழந்தைகளை மொழிவாரியாக உட்காரவைத்து, பழகிய சொற்களைப் படிக்கச் சொன்னார்கள். ஃபின்லாந்துக் குழந்தைகள் நூற்றுக்கு 98 சொல்லைச் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள்? 34! மக்குப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபின்னிஷ் மொழியில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓசைதான். எழுதியதைப் படி, படித்ததை எழுது, அவ்வளவுதான். இன்னும் சந்தேகமா? வட வேல்ஸில் ஒரே பகுதியில் அக்கம்பக்கமாக வாழும் குழந்தைகளில் சிலர் வெல்ஷ் வழியிலும் சிலர் ஆங்கில வழியிலும் படிக்கிறார்கள். அதே மழை, அதே ஊர். வெல்ஷில் எழுத்தும் ஓசையும் ஒத்துப்போகும். அந்தப் பிள்ளைகள்தான் வாசிப்பில் சீக்கிரம் முந்தினார்கள்.

பூதத்துக்குப் பெயர் வைக்கும் பரீட்சை

எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இங்கிலாந்தில் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஜூன் மாதம் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். 2012 முதல் நடக்கிறது. எழுத்துப் பரீட்சை கிடையாது. டீச்சரும் குழந்தையும் எதிரெதிரே உட்காருவார்கள். 40 சொல். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 20 சொல், உலகத்திலேயே இல்லாத சொற்கள்!

ஆமாம், பொய்ச் சொற்கள். எந்த அகராதியிலும் கிடைக்காது. ஏன் இந்த விபரீதம்? உண்மைச் சொல் என்றால் குழந்தை ஏற்கெனவே பார்த்து மனப்பாடம் செய்திருக்கலாம், பக்கத்துப் படத்தைப் பார்த்து ஊகித்திருக்கலாம். இல்லாத சொல்லை எப்படி மனப்பாடம் செய்வது? எழுத்துக்கு எழுத்து ஓசை தெரிந்தால் மட்டுமே வாய் திறக்க முடியும். குழந்தை திகைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பொய்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் போட்டிருப்பார்கள். மூன்று கண், நாலு கை என்று. இந்தப் பூதத்துக்கு என்ன பெயர், படித்துச் சொல் கண்ணா என்பது கணக்கு.

இதில் ஒரு வில்லங்கமும் வந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இங்கேதான் சறுக்கினார்கள்! 'ஸ்ட்ராம்' என்ற பொய்ச் சொல்லைப் பார்த்ததும், அச்சுப்பிழை போல என்று பெருந்தன்மையோடு திருத்தி, புயலைக் குறிக்கும் 'ஸ்டார்ம்' என்று படித்துவிட்டார்களாம். அர்த்தம் தேடுவது தப்பா என்று ஆசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கேள்விதான்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. தேற 32 மதிப்பெண் வேண்டும். 2012-லும் 2013-லும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முடிவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால், 31 எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். சரியாக 32-ல் மட்டும் தென்னை மரம் போல ஒரு கோடு நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது! ஐந்து வயதுப் பிள்ளை 31-ல் நின்று கண்ணைக் கசக்கும்போது எந்த டீச்சருக்குத்தான் மனசு வரும்? 2014-லிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைப் பரீட்சை முடிந்த பிறகே அறிவித்தார்கள். அறிவித்தது என்னவோ அதே 32-தான். முதல் வருஷம் தேறியவர்கள் நூற்றுக்கு 58. 2019-ல் 82.

இந்தப் பரீட்சைக்கு வித்திட்டது ஸ்காட்லாந்தின் கிளாக்மன்னன்ஷயர் என்ற குட்டி மாவட்டம். ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே சுமார் 300 குழந்தைகளைப் பள்ளியில் சேர்ந்த வருஷத்திலிருந்து பின்தொடர்ந்தார்கள். முதல் வேலையே ஓசைகளைச் சொல்லிக்கொடுத்து அவற்றை ஒட்டவைத்துச் சொல்லாக்குவது. வெறும் 16 வாரம். 2005-ல் அறிக்கை வந்தபோது ஊரே மூக்கில் விரல் வைத்தது. தொடக்கப் பள்ளி முடிக்கும் அந்தப் பிள்ளைகள், சொல்லை வாசிப்பதில் தங்கள் வயதைவிட மூன்றரை வருஷம் முன்னால் இருந்தார்கள்! ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளையே முந்தியிருந்தார்கள், இது வழக்கமாக நடக்காத காரியம். மறு வருஷமே ஜிம் ரோஸ் என்பவர் தலைமையில் அரசு அறிக்கை வந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளெல்லாம் ஃபோனிக்ஸ் பக்கம் திரும்பின.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. கடைசியில் சொல்கிறேன், மறந்துவிட்டால் நினைவூட்டுங்கள்.

ஏன் ஏபிசியில் தொடங்குவதில்லை?

ஃபோனிக்ஸ் வகுப்பின் முதல் ஆறு எழுத்து ஏ, பி, சி அல்ல. எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n)! ஏன் என்று யோசித்தீர்களா? இந்த ஆறை மட்டும் வைத்துக்கொண்டு 'சாட்', 'பின்', 'டின்', 'டிப்', 'சிட்', 'நிப்' என்று முதல் வாரமே சொற்களைக் கட்டிவிடலாம். ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் போனால் நாலு எழுத்துக்குக் கொஞ்சம் சொல்தான் தேறும். அந்த வரிசையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சின்ன எழுத்தில் 'பி'யும் (b) 'டி'யும் (d) ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் குழந்தை தொலைந்தது.

இந்தக் கண்ணாடிக் குழப்பத்துக்கு மூளையில் காரணம் உண்டு. புலி இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் புலிதான். அதைத் தெரிந்துகொள்ளாதவன் பிழைத்திருக்க மாட்டான். அதனால் இடம் வலம் மாறினாலும் ஒரே பொருள்தான் என்று பார்க்கும்படியே நம் மூளை அமைந்திருக்கிறது. திடீரென்று ஒரு டீச்சர் வந்து, தொப்பை வலப்பக்கம் இருந்தால் இது ஓர் எழுத்து, இடப்பக்கம் இருந்தால் வேறு எழுத்து என்கிறார்! காலங்காலமாக வந்த பழக்கத்தை ஐந்து வயதில் கைவிட வேண்டியிருக்கிறது. எழுத்தைத் திருப்பிப்போடும் பிள்ளையை இனி திட்டாதீர்கள்.

அதைவிட ஆச்சரியம், வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது! எழுத்து பிறந்து சில ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. வாசிக்கக் கற்றுக்கொள்ளும்போது, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் இடது பக்கம் ஒரு மூலையை எழுத்து வாடகைக்குப் பிடித்துக்கொள்கிறது. பிரான்ஸின் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வளர்ந்த பிறகு கற்றவர்கள், பள்ளியில் படித்தவர்கள் என்று மூன்று வகை. 2010-ல் முடிவு வந்தது. வளர்ந்த பிறகு கற்றவர்களுக்கும் அந்த மூலை உயிர்பெற்றிருந்தது! சீன எழுத்தானாலும் ரோமன் எழுத்தானாலும் குடியேறுவது கிட்டத்தட்ட அதே மூலையில்தான்.

காதுக்கும் இதே கதை. போர்ச்சுகலில் 1979-ல் ஜோசே மொராயிஸ் என்ற ஆய்வாளர், படிப்பறிவு இல்லாத பெரியவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் முதல் ஓசையை மட்டும் நீக்கிவிட்டுச் சொல்லச் சொன்னார். பெரும்பாலும் முடியவில்லை. வாய் நிறையப் பேசத் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் சொல்லுக்குள் தனித்தனி ஓசை இருப்பது காதில் விழவில்லை. எழுத்துதான் காதையும் திறந்துவிடுகிறது!

குழந்தையின் காதையும் லேசாக நினைக்காதீர்கள். சார்ல்ஸ் ரீட் என்ற அமெரிக்கர், இன்னும் பள்ளிக்கே போகாத குழந்தைகள் தாங்களாகவே எழுதிப் பார்த்த சொற்களை 1971-ல் ஆராய்ந்தார். 'ட்ரக்' என்பதைப் பல குழந்தைகள் 'ச்ரக்' என்று எழுதியிருந்தார்கள். உளறல் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஆங்கிலேயர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது உற்றுக் கேளுங்கள்: உண்மையிலேயே 'ச்ரக்'தான்! பெரியவர்கள் கண்ணால் கேட்கிறார்கள், குழந்தை காதால் கேட்டு எழுதுகிறது.

பாம்பு சீறியது 1658-ல்

ஃபோனிக்ஸ் நேற்று வந்த நாகரிகம் என்றா நினைத்தீர்கள்? ஜெர்மனியில் வாலன்டின் இக்கல்சாமர் என்பவர் 1527-லேயே எழுத்தை அதன் ஓசையால்தான் கற்பிக்க வேண்டும் என்று புத்தகம் போட்டுவிட்டார். அதற்கு விலங்குகளின் குரலைத் துணைக்கு அழைத்தார். அடுத்து வந்த கொமேனியஸ் என்பவர் 1658-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு படப் புத்தகம் அச்சிட்டார். முதலில் எழுத்து வரிசை. 'ஏ'க்கு ஒரு காகம் 'ஆ ஆ' என்று கரைகிறது. 'பி'க்கு (b) ஆட்டுக்குட்டி 'பே ஏ ஏ' என்று கத்துகிறது. 'எஸ்'ஸுக்குப் பாம்பு சீறுகிறது. இன்று ஜாலி ஃபோனிக்ஸ் என்ற பாடமுறையின் வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். 'எஸ்' நடத்தும்போது குழந்தைகள் கையைப் பாம்பு மாதிரி நெளித்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்கிறார்கள். அதே பாம்பு! 'பி'க்கு (p) விரலை மெழுகுவத்தியாக நினைத்து 'ப்' என்று ஊதி அணைக்கிறார்கள்.

கணித மேதை பாஸ்கல் தெரியும்தானே? வாசிக்கக் கற்பிக்க அவரே ஒரு முறை வகுத்திருக்கிறார். மெய்யெழுத்தைப் பெயர் சொல்லி அழைக்காதே, ஓசையாகச் சொல் என்பதே அதுவும். கன்னிமடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அவர் தங்கை ஜாக்குலின், 1655-ல் அதுபற்றி அண்ணனிடம் கடிதம் எழுதி விவரம் கேட்டிருக்கிறார்.

எதிர்க்கட்சியும் சளைத்ததல்ல. 1840களில் அமெரிக்கக் கல்வியாளர் ஹொரேஸ் மான், தனி எழுத்துகள் குழந்தைக்கு ரத்தம் செத்த எலும்புக்கூடு மாதிரி பயம் காட்டுகின்றன, முழுச் சொல்லாகக் காட்டுங்கள் என்றார். நூறு வருஷத்தில் அதுவே அங்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது: சொல்லைப் பார், படத்தைப் பார், சொல்லிவிடு. 1955-ல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய ஒரு புத்தகம் இந்த முறையைக் கிழித்துத் தொங்கவிட்டது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் குழந்தை இலக்கியத்தின் தலைசிறந்த பூனை பிறந்தது. பள்ளிப் புத்தகங்கள் அசட்டுத்தனமாக இருக்கின்றன, சொற்பட்டியல் தருகிறோம், அதற்குள் ஒரு கதை எழுதுங்கள் என்று எழுத்தாளர் டாக்டர் சூஸிடம் கேட்டார்கள். பட்டியலில் எதுகையாக அகப்பட்ட முதல் ஜோடியைப் பிடித்துக்கொண்டாராம்: பூனைக்குக் 'கேட்', தொப்பிக்கு 'ஹேட்'. தொப்பி போட்ட பூனை 1957-ல் வந்தது, மொத்தமே 236 சொல்! பிறகு பதிப்பாளர் 50 டாலர் பந்தயம் கட்டினார், 50 சொல்லுக்குள் ஒரு புத்தகம் எழுத முடியுமா என்று. எழுதிவிட்டார். 1960-ல் வந்த பச்சை முட்டைக் கதை அது. ஐம்பதில் 49 சொல் ஓரசைச் சொல்!

சண்டையே வேண்டாம், எழுத்தையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பியவரும் உண்டு. பிட்மன் சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மனின் பேரன் ஜேம்ஸ் பிட்மன், ஓர் ஓசைக்கு ஓர் உருவம் என்று 44 எழுத்து கொண்ட புது வரிசை செய்தார். 1960களில் பிரிட்டனில் பல பள்ளிகள் அதில் பாடம் நடத்தின. குழந்தைகள் சடசடவென்று படித்தார்கள். ஒரே ஒரு சிக்கல்: கொஞ்ச நாளில் வழக்கமான எழுத்துக்கு மாற வேண்டும், கடைப் பலகையும் செய்தித்தாளும் பிட்மனுக்காக மாறாதே! கற்றதை மறந்து திரும்பக் கற்க வேண்டியதாயிற்று. அந்தத் திட்டம் மெல்ல மறைந்தது.

இக், இங், இச், இஞ்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 'க்' என்று தனியாகச் சொல்லுங்கள் பார்க்கலாம். 'கு' என்றோ 'க' என்றோ ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். உலகமெங்கும் ஃபோனிக்ஸ் டீச்சர்களுக்கு இதுதான் தலைவலி. 'பின்' என்று சேர்க்கச் சொன்னால் குழந்தை 'ப-இ-ந' என்று சொல்லிவிட்டு 'பயின' என்ற ஏதோ ஒன்றில் போய் முட்டிக்கொள்ளும். வாலை வெட்டு, வாலை வெட்டு என்று பயிற்சிக்குப் பயிற்சி சொல்கிறார்கள்.

தமிழ் என்ன செய்தது தெரியுமா? வாலை வெட்டியதற்கு அடையாளமாகத் தலையில் ஒரு புள்ளி வைத்தது! வாயால் சொல்லும்போதும் சாமர்த்தியம்தான். ஓசையைப் பின்னால் நீட்டாமல் முன்னால் ஒரு 'இ' போட்டு 'இக், இங், இச், இஞ்' என்று நிறுத்தினால் வால் முளைக்க வழியே இல்லை. மெய் தானாக நடக்காது, அதை நடத்த உயிர் வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்துச் சங்கதி. க்-கும் அ-வும் சேர்ந்தால் க. இங்கிலாந்து 2006-ல் அறிக்கை போட்டுச் சொன்ன அந்த ஒட்டவைக்கும் வித்தையை நம் வாய்ப்பாடு எப்போதோ செய்துவிட்டது. ஒலி பிறக்கும் இடங்களைக்கூடத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எண்ணி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதற்காக நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டாம். 'கெ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு முதலில் நிற்கிறது, ஓசையோ கடைசியில் வருகிறது! கண் இடமிருந்து வலம் போக, காது வலமிருந்து இடம் வர வேண்டும். 'கொ'வில் ஒரே உயிர் இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. 'கௌ'வின் வாலும் 'ள'வும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். பெரியவர்களே கணினியில் மாற்றி அடிக்கிறார்கள், பிள்ளை என்ன செய்யும்? 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே 'க'வுக்கு மூன்று குரல். 'பல்'லும் 'பஸ்'ஸும் ஒரே 'ப'வில் தொடங்குகின்றன, கண்டக்டர் யாரும் குழம்புவதில்லை. சொல்லுக்குள் எங்கே நிற்கிறது என்பதை வைத்தும், சொல் நம் ஊரா வெளியூரா என்பதை வைத்தும் குழந்தை தானாகவே பிடித்துக்கொள்கிறது.

247 எழுத்து என்றதும் மலைப்பு வேறு. முப்பது சொச்சம் எழுத்தும் சில குறிகளும் தெரிந்தால் மீதியெல்லாம் பெருக்கல் கணக்கு. ஆனாலும் சிறுசுக்கு நாள் பிடிக்கும். நம் பக்கத்து வீட்டுக் கன்னடத்தை ஆராய்ந்த சோனாலி நாக், உயிர்மெய் முழுவதும் கைவர மூன்று நான்கு வகுப்புகள்கூட ஆகின்றன என்று காட்டினார். ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்து சீக்கிரம் முடியும், சொல் இழுக்கும். நம் குழந்தைக்கு எழுத்து இழுக்கும், பிறகு சொல் பறக்கும்.

நினைவூட்டச் சொன்னேன் அல்லவா? கிளாக்மன்னன்ஷயர் பிள்ளைகள் சொல்லை வாசிப்பதில் மூன்றரை வருஷம் முன்னால். படித்ததைப் புரிந்துகொள்வதில்? மூன்றரை மாதம்! அதே பிள்ளைகள், அதே அறிக்கை. கவிஞர் மில்டனுக்குப் பார்வை போனபின் அவருடைய மகள்கள் லத்தீன், கிரேக்கப் புத்தகங்களை உரக்க வாசித்துக் காட்டினார்கள், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல்! அப்பாவுக்கு அர்த்தம், பிள்ளைக்குத் தொண்டைத் தண்ணீர். நம் வீட்டிலும் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சமஸ்கிருத ஸ்லோகத்தைக் கடகடவென்று படிக்கும் ஆட்கள் எத்தனை பேர்! 'வர்றான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'வருகிறான்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது யாருடா என்று விழிப்பதும் இந்த ரகம்தான். ஃபோனிக்ஸ் கதவைத் திறந்துவிடும். உள்ளே விளக்குப் போடுவது கதையும் பேச்சும்தான். இதை இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ள மறுப்பதுதான் எனக்குப் புரியாத அதிசயம்.

கடைசியாக ஒன்று, இதைப் படித்தபோது எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ராணுவப் பிள்ளைகளுக்கான விடுதியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்த ஆரம்பித்தார். வாசிக்கச் சொல்லித்தர நல்ல ஆள் கிடைத்தபாடில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது ஓர் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் விடுதிக்கு ஓடினார், மணலைக் கொட்டினார். இதைப் போய்ச் சொல்லித்தருவதா என்று வாத்தியார்கள் முரண்டு பிடித்தார்கள். எட்டு வயதுப் பையன் ஜான் ஃப்ரிஸ்கன் என்பவனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். அவன் பெரியவர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தான்! பெல் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-ல் தொடங்கிய 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. கிளாக்மன்னன்ஷயர் ஆய்வைச் செய்த ஜாய்ஸ் வாட்சன் எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? அதே செயின்ட் ஆண்ட்ரூஸ்!

எட்டு வயதுப் பையன் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் எழும்பூர் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு வயதிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் அவனோடு உட்கார்ந்து ஓசை ஓசையாகச் சொன்னதில் நாய் வந்துவிட்டது, பூனையும் வந்துவிட்டது. தலைக்கனமும் கூடவே வந்தது. நேற்று சாயங்காலம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அப்பத்தாவுக்குப் பாடம் ஆரம்பித்தான்.

"அப்பத்தா, இங்க பாரு. இது டீ இல்ல."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீ இல்லையா? அடுப்புலதாண்டா கொதிக்குது. போயி உங்க பெரியப்பனக் கூப்பிடு, ஆறிப்போயிரும்."